வரிசையை விட்டு வந்த பிறகு

அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போய்ச் சேர எத்தனையோ வழி இருக்கிறது. ஆம்புலன்ஸில் போகலாம், ஆட்டோவில் கையைக் கட்டிக் கொண்டுபோய் இறக்கலாம், வேறு வார்டிலிருந்து மாற்றி அனுப்பலாம், எதுவும் இல்லையென்றால் காலையில் வரிசையில் நின்று ஓ.பி. சீட்டு வாங்கலாம். விட்டு வருவதற்குத்தான் வழி என்று ஒன்றைக் காணோம். வார்டிலிருந்து டிஸ்சார்ஜ் ஆவதை நான் சொல்லவில்லை, அதற்குக் காகிதம் தருவார்கள். அதற்குப் பிறகு மாசாமாசம் நோட்டைத் தூக்கிக்கொண்டு போய் மாத்திரை வாங்கி வருகிறோமே, வருஷக்கணக்கில் நீளும் அந்த ஓ.பி. வாழ்க்கை, அதிலிருந்து வெளியே வருவதைச் சொல்கிறேன். நான் வந்துவிட்டேன். எப்படி வந்தேன், வந்த பிறகு என்ன ஆயிற்று என்று எழுத வேண்டும் என்பது ரொம்ப நாள் நினைப்பு. நோய் வந்த கதையை எழுதுகிறவர்கள் இப்போது கொஞ்சம் பேர் இருக்கிறார்கள், நல்லது. அதற்கப்புறம் நடப்பதை யாரும் எழுதக் காணோம். எங்கள் பக்கம், குணமான பிறகு அதைப் பற்றி வாயே திறக்கக் கூடாது, திறந்தால் இன்னும் குணமாகவில்லை என்று அர்த்தம்.

நோய் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் பிரசவம் என்பதால் அம்மா வீட்டில், வீரவநல்லூரில் இருந்தேன். பிள்ளை பிறந்து ஒரு வாரம் ஆவதற்குள் எனக்குத் தூக்கம் போய்விட்டது. பிள்ளை தூங்கும்போதும் நான் விழித்திருந்தேன், களைப்பு என்பதே இல்லை, பேச்சு நிற்கவில்லை. அப்புறம், தொட்டிலில் கிடப்பது என் பிள்ளை இல்லை, யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்று தோன்றியது, தோன்றியது நிச்சயமாயிற்று. ஆச்சி ஜன்னி கண்டிருக்கு என்றாள். அடுத்த வீட்டுக்காரி, "பச்ச ஒடம்புக்காரிய இசக்கி பிடிச்சிருக்கா" என்றாள், இசக்கி எங்கள் பக்கத்து அம்மன். திருநீறு போட்டார்கள், வேப்பிலை அடித்தார்கள், உவரி அந்தோணியார் கோயிலில் கொண்டுபோய்க் கொஞ்ச நாள் தங்க வைக்கலாமா என்று பேச்சு நடந்துகொண்டிருந்தபோது என் அக்காதான், "அதெல்லாம் பிறகு பாத்துக்கலாம்" என்று சொல்லி வண்டி பிடித்தாள்.

பிரசவத்துக்குப் பின் வரும் சைக்கோசிஸ் என்று டாக்டர்கள் இதைச் சொல்கிறார்கள். ஆயிரம் பிரசவத்தில் ஒருவர், இரண்டு பேருக்கு வருகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், அதுவும் வேகமாக. நெஞ்சுவலியைப் போல இதுவும் உடனே கொண்டுபோக வேண்டிய அவசரம்தான், நல்ல வைத்தியம் கிடைத்தால் முழுக்கத் தெளிந்துவிடலாம். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் பிள்ளையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனார்கள் என்பதுதான்.

எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. செங்கோட்டை பாசஞ்சர் எந்தத் திசையில் போனாலும் ஒரு பெரிய ஆஸ்பத்திரி வரும், அப்படி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எனக்குக் கிடைத்த மருந்து நல்ல மருந்து, காசு ஒரு ரூபாய் வாங்கவில்லை, அதைச் சொல்லாமல் குறை சொல்வது நியாயமில்லை. குறை இதுதான்: பிள்ளை எங்கே இருக்கிறான், யார் பால் கொடுக்கிறார்கள், என்றைக்கு வருவான் என்று அந்த வார்டில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொன்னாலும் புரியாது என்று நினைத்திருப்பார்கள். 2017-இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தில், மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையைச் சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்று இருக்கிறது. பிள்ளைக்கு ஆபத்து என்று டாக்டர் கருதினால் தற்காலிகமாகப் பிரிக்கலாம், அப்போதும் ஆள் துணையோடு தாய் பிள்ளையைப் பார்க்க விட வேண்டும், பதினைந்து நாளுக்கு ஒருமுறை அந்த முடிவைத் திரும்பப் பரிசீலிக்க வேண்டும். என்னைப் பிரித்தது சரிதான், அந்த நிலையில் நானே பிரித்திருப்பேன். பார்க்க விட்டிருக்கலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில் தாயும் பிள்ளையும் சேர்ந்தே தங்கி வைத்தியம் பார்க்கும் வார்டு 2009-லிருந்து இருக்கிறது. தாமிரபரணிக் கரைக்கு அது எப்போது வருமோ.

சரி, ஓ.பி.க்கு வருவோம்.

மாவட்ட மனநலத் திட்டத்தில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கே குறிப்பிட்ட நாளில் மனநல டாக்டர் வருகிறார், அங்கேயே மாத்திரை வாங்கிக்கொள்ளலாம் என்று நர்சம்மா சொன்னார்கள். வீட்டில் வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார்கள். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி என்றால் தெரிந்த முகம் நாலு இருக்கும், பெரிய ஆஸ்பத்திரி என்றால் கூட்டத்தில் கலந்துவிடலாம். இப்படி வைத்தியத்துக்குப் பக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டு தூரத்தில் போகிற குடும்பங்கள் எங்கள் பக்கம் நிறைய. காலையில் பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு ரயில், அப்புறம் ஒரு பஸ், அப்புறம் வரிசை.

அந்த வரிசையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. மஞ்சள் பையில் நோட்டு, நோட்டுக்குள் பழைய ஓ.பி. சீட்டுகள், எல்லார் கையிலும் தண்ணீர் பாட்டில், ஏனென்றால் அந்த மாத்திரைகளில் பாதிக்கு வாய் வறளும். முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு வருவாள். பீடி சுற்றுகிறவள், ஆஸ்பத்திரிக்கு வந்தால் அன்றைக்குக் கூலி கிடையாது. "இன்னைக்கு யாரு டாக்டரு, போன மாசம் வந்தாவளே, அவியளா?" என்று என்னிடம் கேட்பாள். அவர்களாக இருக்காது. பி.ஜி. படிக்கிற டாக்டர்கள் மாறி மாறி உட்காருவார்கள், ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தூங்குறீங்களா, சாப்பிடுறீங்களா, சத்தம் ஏதாவது கேட்குதா. வெளியே இன்னும் நூறு பேர் நிற்கும்போது அந்த டாக்டர் என்னதான் செய்வார்? முன்னால் எழுதினதைப் பார்த்து அதையே எழுதுவார். சி.எஸ்.டி. என்று மூன்று எழுத்து, இருக்கிற வைத்தியத்தையே தொடரவும் என்று அர்த்தம். என் நோட்டில் பக்கம் பக்கமாக அந்த மூன்று எழுத்துதான்.

அந்த வரிசையிலிருந்து ஆட்கள் காணாமல் போவார்கள். நன்றாகிவிட்டவர்கள் வரமாட்டார்கள், மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி முடியாமல் போனவர்களும் வரமாட்டார்கள், தனியார் டாக்டரிடம் போனவர்கள், வேலைக்குத் திருப்பூர் போனவர்கள், செத்துப்போனவர்கள், எல்லாரும் ஒன்றுபோல வராதவர்கள்தான். ஏன் வரவில்லை என்று யாரும் தேடிப் போனதாக நான் பார்க்கவில்லை. முக்கூடல் அக்காவின் மகன் அப்படி ஒரு தீபாவளிக்கு, நல்லாத்தானே இருக்கேன் என்று எல்லா மாத்திரையையும் ஒரே நாளில் நிறுத்தினான். பொங்கலுக்குள் அவனைத் துண்டால் கட்டி ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். இதை எழுதுவது பயமுறுத்துவதற்கு இல்லை. நான் மாத்திரையை நிறுத்தின கதையைச் சொல்லப் போகிறேன், அதைப் படித்துவிட்டு யாரும் தானாக நிறுத்திவிடக் கூடாது. என் நோய் வேறு, அவன் நோய் வேறு. சர்க்கரைக்குப் போடுவதுபோல வருஷக்கணக்கில், சிலருக்கு ஆயுளுக்கும், போட வேண்டிய நோய்கள் இதில் இருக்கின்றன, போட்டுக்கொண்டே நன்றாக வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களும் பெரிய ஆஸ்பத்திரி வரிசையை விட்டு வரலாம், மாத்திரையை விடாமலே.

"எப்ப நிப்பாட்டலாம் சார்?" என்று நான் கேட்க ஆரம்பித்தது பிள்ளை நடக்க ஆரம்பித்த பிறகு. போடுங்கம்மா பார்ப்போம் என்பார்கள். அடுத்த முறை வேறு டாக்டர், அவரும் போடுங்கம்மா பார்ப்போம். அப்புறம் கொரோனா வந்தது, கூட்டம் சேரக் கூடாது என்று மொத்தமாக மாத்திரை கொடுத்தார்கள், கேள்வி அப்படியே நின்றுபோனது. அதற்கும் பிறகு ஒரு நாள் உட்கார்ந்திருந்த டாக்டரம்மா நோட்டைப் பின்பக்கமாகப் புரட்டி முதல் பக்கம் வரைக்கும் போனார். வெளியே வரிசை முணுமுணுத்தது. அவர் காதில் வாங்கவில்லை. இதற்கு முன்னால் வந்ததுண்டா, குடும்பத்தில் யாருக்காவது உண்டா, கடைசியாக எப்போது சரியில்லாமல் இருந்தது என்று கேட்டுக்கொண்டே வந்து, குறைக்க ஆரம்பிக்கலாம் என்றார். எனக்கு அவர்மேல் வந்த மரியாதைக்கு இன்னொரு காரணமும் உண்டு, என் வீட்டுக்காரரைப் பார்த்துப் பேசாமல் என்னைப் பார்த்துப் பேசினார்.

நான் போட்டுக்கொண்டிருந்தது ஓலன்சபைன். அதைப் பல மாதம் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். குறைந்த அளவு மாத்திரை கவுன்ட்டரில் இல்லாதபோது ஐந்து மில்லிகிராமை இரண்டாக உடைத்துப் போட வேண்டும், அது ஒருபோதும் சரிபாதியாக உடையாது, ஒரு நாள் கொஞ்சம் கூட, மறுநாள் கொஞ்சம் குறைய. ஒவ்வொரு முறை குறைக்கும்போதும் இரண்டு மூன்று ராத்திரி தூக்கம் கெடும். அங்கேதான் சிக்கலே. என் நோய் வருவதற்கு முதல் அடையாளம் தூக்கம் போவது, மாத்திரையைக் குறைத்தாலும் தூக்கம் போகும். எது எது என்று எப்படித் தெரியும்?

டாக்டரம்மா சொன்ன பதிலை நான் இன்றைக்கும் வைத்திருக்கிறேன். ராத்திரி தூங்காமல் காலையில் உடம்பு அசந்துபோய்க் கிடந்தால் அது மாத்திரை குறைந்ததால் வருவது, அல்லது கவலை, அல்லது கொசு. ராத்திரி தூங்காமல் காலையில் அசதியே இல்லாமல் வழக்கத்தைவிட உற்சாகமாக, தலைக்குள் வேகமாக இருந்தால், அப்படி இரண்டு ராத்திரி போனால், உடனே வந்துவிட வேண்டும். தூக்கம் வராமல் இருப்பது வேறு, தூக்கம் தேவைப்படாமல் இருப்பது வேறு. வார்டிலும் ஓ.பி.யிலுமாக எனக்குச் சொன்ன எல்லாவற்றிலும் இந்த ஒன்றுதான் வீட்டில் பயன்பட்டது. இதை முதல் மாதமே சொல்லியிருக்கலாமே என்றுதான் தோன்றும்.

கடைசி நாள் ரொம்பச் சாதாரணம். இனிமேல் மாத்திரை வேண்டாம் என்று சொல்லி நோட்டில் ரிவ்யூ எஸ்.ஓ.எஸ். என்று எழுதினார்கள், தேவைப்பட்டால் மட்டும் வரவும் என்று பொருள். அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து வெளியே வந்து, கால் பழக்கத்தில் மருந்து கவுன்ட்டர் வரிசையில் போய் நின்றுவிட்டேன். கொஞ்ச நேரம் நின்ற பிறகுதான் வாங்குவதற்கு ஒன்றும் இல்லை என்று உறைத்தது. முக்கூடல் அக்கா சிரித்தாள். "போறதுன்னா திரும்பிப் பாக்காமப் போயிரு தாயி, பாத்தேன்னா திரும்பப் பிடிச்சுப் போட்டுருவாவ" என்றாள்.

போகும் முன் என் சிகிச்சை விவரத்தை ஒரு தாளில் எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். என்ன நோய், எந்த மருந்து, எவ்வளவு, எது ஒத்துக்கொண்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை. நோட்டிலேயே எல்லாம் இருக்கிறதே என்றார்கள். இருக்கிறது, டாக்டர் கையெழுத்தில். தன் மருத்துவப் பதிவைக் கேட்டு வாங்குவது நோயாளியின் உரிமை என்று அதே 2017 சட்டத்தில் 25-ஆம் பிரிவு இருக்கிறது. அதைச் சொல்லிச் சண்டை போட அன்றைக்குத் தெம்பில்லை. நோட்டு முழுவதையும் பிறகு ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டேன். விட்டு வருகிற யாரானாலும் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். திரும்பப் போக நேர்ந்தால் அங்கே இருப்பது வேறு டாக்டராகத்தான் இருக்கும், நீங்கள் பேசும் நிலையில் இல்லாமல்கூட இருக்கலாம், அப்போது அந்தத் தாள்தான் பேசும்.

வந்த பிறகு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, என்னவோ ஒரு வெறுமை. ஆஸ்பத்திரிக்குப் போகிற கிழமை வந்தால் காலையிலேயே எழுந்து உட்கார்ந்திருப்பேன். மாசத்தில் அந்த ஒரு நாள்தான் நான் யாரிடமும் நல்லாயிருக்கிறேன் என்று நடிக்க வேண்டாத நாள். வரிசையில் யாரும் யாரையும் ஒரு மாதிரியாகப் பார்ப்பதில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தனக்குத்தானே பேசினால் கொஞ்சம் தள்ளி உட்காருவோம், அவ்வளவுதான். அந்த ஆட்களை விட்டு வருவதும் சேர்த்துத்தான் விட்டு வருவது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. முக்கூடல் அக்காவிடம் போன் நம்பர் வாங்கி வைத்திருந்தேன், இன்றைக்கும் பேசுகிறோம். மகன் இப்போது மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு ஒரு கடையில் நிற்கிறானாம்.

ஆஸ்பத்திரி என்னை விட்ட பிறகும் வீடு விடவில்லை. உண்மையில் இந்தப் பதிவு முழுவதும் இதைச் சொல்லத்தான்.

திருநெல்வேலி சிந்துபூந்துறையில் என் புகுந்த வீடு. அத்தை நல்லவர்கள், முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வார்டில் இருந்தபோது என் பிள்ளையை வளர்த்தது அவர்களும் அம்மாவும்தான். ஆனால் நான் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தால் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். ஒரு நாள் உற்சாகமாக மச்சைச் சுத்தம் செய்தால், "என்னட்டி இன்னைக்கு, மாத்திர போட்டியா?" மாத்திரை நின்றுவிட்டது என்று எல்லாருக்கும் தெரியும், இருந்தும் அந்தக் கேள்வி நிற்கவில்லை. கோபப்பட்டால் நோய், அழுதால் நோய், நாத்தனாருக்கு நல்ல சேலை எடுத்துக் கொடுத்தால் கை தாராளமாகிவிட்டது, அதுவும் நோய். நாத்தனார் ஊருக்கு வந்தால், "மைனி, நல்லாருக்கியளா?" என்று கேட்டுவிட்டுப் பதிலைக் கேட்காமல் என் கண்ணைப் பார்ப்பாள். மனநோய்க்கு முன்பு சிகிச்சை எடுத்தார் என்பதை மட்டும் வைத்து ஒருவருக்கு இப்போது மனநோய் இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது என்று அந்த 2017 சட்டத்தின் 3-ஆம் பிரிவிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் எழுதியது, அடுப்படிக்கு யார் எழுதுவது?

2023 டிசம்பர் வெள்ளம் வந்தபோது இது உச்சத்துக்குப் போனது. 17-ஆம் தேதி பிடித்த மழை விடவில்லை, காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பெய்ததாகப் பிறகு சொன்னார்கள், பாபநாசம், மணிமுத்தாறு அணைத் தண்ணீரெல்லாம் ஆற்றில். ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு முங்கிவிட்டது. எங்கள் தெருவில் தண்ணீர் ஏறி வர வர, நான் அரிசி மூட்டையை, பத்திரங்களை, பிள்ளையின் புத்தகங்களை, மிக்ஸியை ஒவ்வொன்றாக மச்சுக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். கரண்டு இல்லை. தெருவே தூங்கவில்லை, அடுத்த வீட்டுத் தாத்தா மச்சில் நின்று கத்திக்கொண்டிருக்கிறார், ஆள் ஆளுக்கு டார்ச் அடிக்கிறார்கள். அந்த நேரத்தில் அத்தை என் கையைப் பிடித்து, "நீ போய்ப் படு தாயி, ராத்திரி முழிக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காவ" என்கிறார்கள். வீட்டுக்குள் தண்ணீர் முழங்காலுக்கு நிற்கிறது. எங்கே படுப்பது? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்தேன், அத்தை முகம் மாறியது. வீட்டுக்காரர் டார்ச்சை ஆற்றுப் பக்கம் அடிக்காமல் என் முகத்தில் அடித்துப் பார்த்தார். ஊருக்கெல்லாம் ஆறு பெருகுகிறதா என்று கவலை, இந்த வீட்டில் மட்டும் நான் பெருகுகிறேனா என்று.

தண்ணீர் வடிந்து சேறு வழித்து முடித்த பிறகு நான் இரண்டு நாள் எழுந்திருக்க முடியாமல் தூங்கினேன். அதற்கும் பயந்தார்கள். அப்போதுதான் வீட்டுக்காரரை உட்கார வைத்து டாக்டரம்மா சொன்ன வித்தியாசத்தைச் சொன்னேன், தூங்காததைப் பார்க்காதீர்கள், மறுநாள் அசதி இருக்கிறதா என்று பாருங்கள், இதோ நான் செத்த பாம்புபோலக் கிடக்கிறேன் அல்லவா, இதுதான் ஆரோக்கியம் என்று. அவருக்கு அது புரிந்தது. இத்தனை வருஷம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்த மனிதருக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை, அதனால்தான் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். ஒரு தாளில் எழுதினோம். எது எது வந்தால் கவலைப்பட வேண்டும், எது வெறும் கோபம், யாரைக் கூப்பிட வேண்டும், பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும். 14416 என்ற நம்பரையும் எழுதினோம், டெலி மானஸ், மனநலத்துக்கான அரசு போன் உதவி, இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள். சிரிப்பது, வீடு துடைப்பது, சேலை எடுப்பது இவை நோய் இல்லை என்று தனியாக ஒரு வரி எழுதச் சொன்னேன். எழுதினார். அத்தைக்குப் படித்துக் காட்டினார். அத்தை, "சேல எடுக்கதுக்கு ஒரு அளவு வேண்டாமா?" என்றார்கள். அது மாமியார் கேள்வி, நோய்க் கேள்வி இல்லை, எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

இப்போது ஒரு இ-சேவை கடையில் வேலை பார்க்கிறேன். வருமானச் சான்று, சாதிச் சான்று, ஆதாரில் பெயர் திருத்தம் என்று நாள் போய்விடும். அவ்வப்போது மாற்றுத்திறனாளி அட்டைக்கு விண்ணப்பிக்க ஒரு அம்மா வருவாள், கவுன்ட்டரில் குனிந்து மெதுவாக, "இது அந்த ஆஸ்பத்திரி பேப்பரு" என்பாள். மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான 2016 சட்டத்தில் 21 வகை இயலாமையில் மனநோயும் ஒன்று, தன்னைத் தானே பார்த்துக்கொள்வது, பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை, இந்த நாலையும் நோய் எத்தனை வருஷம் என்பதையும் கணக்கிட்டுச் சதவீதம் போடுவார்கள், பெரும்பாலான சலுகைக்கு 40-க்குக் குறையக் கூடாது. அந்த அட்டை தேவைப்படுகிறவர்களுக்கு அது பெரிய துணை, நான் ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் நிரப்பிக் கொடுப்பேன். எனக்கும் வாங்கச் சொன்னார்கள், வேலையில் இடஒதுக்கீடு உண்டே என்று வீட்டுக்காரரின் சித்தப்பா ரொம்பச் சொன்னார். மெடிக்கல் போர்டு முன்னால் போய் உட்கார்ந்தால் எனக்குச் சதவீதம் வராது, வரவழைக்க வேண்டுமென்றால் முடியாதவளாக நடந்து காட்ட வேண்டும். வேண்டாம் என்றுவிட்டேன். கடை முதலாளிக்கு என் கதை தெரியாது. சொல்ல வேண்டிய அவசியம் எதுவும் இதுவரை வரவில்லை.

இப்போது வீட்டில் ஓடுகிற பேச்சு இரண்டாவது பிள்ளை. ஒரு தடவை இந்த நோய் வந்தவர்களுக்கு அடுத்த பிரசவத்தில் திரும்ப வர ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு என்கிறார்கள் டாக்டர்கள். முன்கூட்டியே திட்டமிட்டு, பிரசவம் ஆனவுடனே தடுப்பு மருந்து ஆரம்பித்தால் அந்த வாய்ப்பு குறையும் என்றும் சொல்கிறார்கள். அதனால் நான் விட்டு வந்த இடத்துக்கே, நோய் இல்லாமல், ஒரு கேள்வியோடு திரும்பப் போக வேண்டியிருக்கும். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. முக்கூடல் அக்காதான் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வாள்.

போவதற்கு முன்னால் இரண்டு காகிதம் எழுதியிருக்கிறேன். ஒன்று, எனக்கு முடியாமல் போனால் எப்படி வைத்தியம் பார்க்க வேண்டும், எப்படிப் பார்க்கக் கூடாது என்று முன்கூட்டியே எழுதி வைப்பது, அதற்கு 2017 மனநலச் சட்டத்தில் 5-ஆம் பிரிவு இடம் தருகிறது, அதை முறைப்படி பதிவு செய்யும் வேலை பாக்கி. அதில் நான் எழுதின முதல் வரி, பிள்ளை எங்கே இருக்கிறது, யாரிடம் இருக்கிறது என்று தினமும் எனக்குச் சொல்ல வேண்டும், எனக்குப் புரியாது என்று தோன்றினாலும் சொல்ல வேண்டும். இரண்டாவது, என் சார்பாக முடிவெடுக்க ஆளை நியமிப்பது. அதற்கு முத்திரைத்தாள் கூட வேண்டாம், வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். அக்கா பெயரை எழுதினேன். வீட்டுக்காரர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ஏன், எம் பேரப் போட்டா ஆகாதோ?"

"நீங்க அழுதுக்கிட்டு நிப்பிய. அக்கா வண்டி பிடிப்பா."

அதை அவரால் மறுக்க முடியவில்லை. சாயங்காலம் அவரே இரண்டு ஜெராக்ஸ் எடுத்து வந்தார், ஒன்று அக்காவுக்கு.

பிள்ளை வேண்டுமா வேண்டாமா என்பது இன்னும் முடிவாகவில்லை, நாளுக்கு ஒரு மாதிரி இருக்கிறது. எதுவானாலும் மாசமாவதற்கு முன்னாலேயே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும் என்பதில் வீட்டில் எல்லாருக்கும் ஒரே எண்ணம். அத்தைக்கு இசக்கியம்மனுக்கும் முன்கூட்டியே ஒரு பொங்கல் வைத்துவிட வேண்டுமாம். வைக்கட்டும், நானும் போவேன், அந்தக் கோயில் பாயசம் நன்றாக இருக்கும்.